வேகமாக எடுத்த கோப்பில் குரல் மெலியுமா?

கேள்வி: கும்பகோணம் அருகே ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எட்டு பக்திப் பாடல்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை மிக்ஸ் செய்து முடித்திருக்கிறோம். ஒவ்வொரு பாடலும் ஏறத்தாழ ஆறு நிமிடம். குரல், வயலின், மிருதங்கம், தவில் நான்கும் நேரில் பதிவு செய்தவை. தபலாவும் தம்புராவும் முன்பே பதிந்து வைத்த ஒலிகளை இசைக்கும் சாம்பிளர் மென்பொருளிலிருந்து வந்தவை. முதலில் அதிவேக ரெண்டரில் (பாட்டை ஓடவிடாமல் கணினியே கணக்கிட்டுக் கோப்பாக்கும் முறை) எடுத்து, 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிப் பாடகர் ஐயாவின் கைப்பேசிக்கு அனுப்பினேன். “குரல் மெலிந்துவிட்டது, பாட்டை முழுவதும் ஓடவிட்டு எடுங்கள்” என்றார். மறுநாள் கூடத்துக்கு வந்தபோது நிகழ்நேரத்தில், அதாவது முழுவதும் ஓடவிட்டு, எடுத்துப் போட்டுக் காட்டினேன். “இதுதான் சரி” என்றார். எங்கள் உரிமையாளரோ இரண்டும் ஒன்றுதான், நேரத்தை வீணாக்காதே என்கிறார். இரண்டு கோப்புகளில் ஒன்றைத் தலைகீழாக்கி மற்றொன்றோடு கூட்டிப் பார்த்தேன்; இரண்டும் ஒன்றானால் ஒன்றையொன்று அழித்து முழு மௌனம் வர வேண்டும்; வரவில்லை, ஏதோ மிஞ்சுகிறது. போதாக்குறைக்கு, வேகமாக எடுத்த மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணத்தில் தபலாவின் ஓர் அடி காணாமல் போயிருக்கிறது. அடுத்த மாதம் குரலுக்காக வெளிக்கருவியாக ஒரு கம்ப்ரஸர் (ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) வாங்கப்போகிறோம். அதன் பிறகு என்ன செய்வது? யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

ரெண்டரின் வேகத்தால் குரல் மெலியாது. இதில் உங்கள் உரிமையாளர் சொல்வது சரி. ஆனால் ஐயா ஒரு வேறுபாட்டைக் கேட்டார் என்பதும் உண்மை. அவர் காதைச் சந்தேகிக்காதீர்கள். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தபலா அடி காணாமல் போனது இவை இரண்டோடும் சேராத மூன்றாவது விஷயம். மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டதால்தான் குழம்புகிறீர்கள்.

முதலில் கணினி என்ன செய்கிறது என்று பார்ப்போம். 48 கிலோஹெர்ட்ஸில் ஆறு நிமிடப் பாட்டு என்றால் ஒரு சேனலுக்கு 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் சாம்பிள்கள். ஒவ்வொன்றும் ஓர் எண். மிக்ஸ் என்பது அந்த எண்களைப் பெருக்குவதும் கூட்டுவதும் தாமதப்படுத்துவதும்தான். நீங்கள் பிளே பட்டனை அழுத்திக் கேட்கும்போது, பஃபர் (ஒரு தவணையில் கணக்கிடும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 256 என்று வைத்திருந்தால், கணினிக்குக் கிடைக்கும் அவகாசம் 5.3 மில்லி விநாடி. அதற்குள் எல்லா ட்ராக்குகளையும், எல்லா பிளக்-இன்களையும் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்), எதிரொலி சேர்க்கும் ரிவர்பையும் கணக்கிட்டு முடித்து, அடுத்த 256 எண்களை, அவற்றை மின்னழுத்தமாக மாற்றும் கன்வெர்ட்டரிடம் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அல்லது மென்பொருள் பிழை காட்டி நின்றுவிடும். இந்தக் கெடு உங்கள் காதுக்காக விதிக்கப்பட்டது. கணக்குக்கு அது தேவையே இல்லை.

அதிவேக ரெண்டரில் எதிர்முனையில் கன்வெர்ட்டர் காத்திருப்பதில்லை. ஒரு பஃபரின் கணக்கு முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடுகிறது. இலகுவான மிக்ஸ் என்றால் ஆறு நிமிடப் பாட்டு அரை நிமிடத்தில்கூட முடியலாம். கனமான பிளக்-இன்கள் நிறைய இருந்தால் எட்டு நிமிடமும் ஆகலாம். அப்போதும் கணக்கு பிசகாது. அதனால் ‘அதிவேகம்’ என்ற பெயரே எனக்குப் பிடிப்பதில்லை. ‘கெடு இல்லாத ரெண்டர்’ என்பதுதான் பொருத்தம். அவசரம் இருப்பது நிகழ்நேரத்தில்தான். பழைய கணினியில் கனமான மிக்ஸை நிகழ்நேரத்தில் எடுப்பதுதான் ஆபத்து அதிகம்.

அப்படியானால் ஐயாவைப் போன்ற அனுபவசாலிகளுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? நாடாக் காலத்திலிருந்து. அந்தக் காலத்தில் அது சரியான எண்ணம். கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். இரட்டை டெக்கில் இருமடங்கு வேகத்தில் நகலெடுக்க ஒரு பட்டன் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் “நார்மல் ஸ்பீடில் போடுங்கள்” என்று சொல்லிக் காத்திருந்து வாங்குவார்கள். நானும் அப்படிக் கடை வாசலில் நின்றிருக்கிறேன். காரணம் எளிது. இருமடங்கு வேகத்தில் நாடா ஓடும்போது 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி 30 கிலோஹெர்ட்ஸாக மாறி டெக்கின் காந்தத் தலையைக் கடக்கிறது. தொழிற்சாலைகளில் 64 மடங்கு வேகத்தில் நகலெடுத்தபோது அதே ஒலி 960 கிலோஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணைப் பதியும் தலையும் மின்சுற்றும் தாங்க வேண்டும். தாங்காத இடத்தில் மேல்ஸ்தாயியின் பளபளப்பு போய்விடும், குரல் மங்கும். அன்று வேகம் ஒலியைத் தொட்டது. இன்று கோப்பில் இருப்பது எண்; எத்தனை மடங்கு வேகத்தில் கணக்கிட்டாலும் 15 கிலோஹெர்ட்ஸ் 15 கிலோஹெர்ட்ஸாகவே இருக்கிறது.

கணினிக்கு வந்த பிறகும் இந்த எண்ணம் வேரூன்றி நின்றதற்கு இன்னொரு காரணம் உண்டு. பெரிய கூடங்களில் புழங்கிய ப்ரோ டூல்ஸ் மென்பொருளில் 2013-இல் 11-ஆம் பதிப்பு வரும் வரை முழு மிக்ஸையும் நிகழ்நேரத்தில்தான் எடுக்க முடிந்தது. உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்பது தொழில் ஒழுக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அந்த ஒழுக்கம் நல்லது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இப்போது ஐயா கேட்டது என்ன என்று பாருங்கள். வேகமாக எடுத்ததை அவர் கைப்பேசியில், எம்பி3 ஆகக் கேட்டார். நிகழ்நேரத்தில் எடுத்ததை உங்கள் கூடத்தில், மானிட்டர் ஸ்பீக்கரில், முழுத் தரக் கோப்பாகக் கேட்டார். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 2,304 கிலோபிட். அதை 128-க்குச் சுருக்கினீர்கள். பதினெட்டில் ஒரு பங்கு! அந்த அளவில் எம்பி3 பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸ் அருகே மேற்பகுதியை வெட்டிவிடும். தம்புராவின் ஜீவாளி நாதம், வயலின் வில்லின் உரசல், குரலின் மூச்சு ஆகியவைதான் முதலில் அடிபடும். ஐயா “குரல் மெலிந்துவிட்டது” என்று சொன்ன சொல் எவ்வளவு துல்லியம் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. நீங்கள் அவர் முன் வைத்தது இரண்டு ரெண்டர் முறைகளை அல்ல. ஒரு சுருக்கிய கோப்பையும் ஒரு சுருக்காத கோப்பையும், ஒரு கைப்பேசியையும் ஒரு கூடத்தையும். வேறு எந்த முடிவும் வர வாய்ப்பில்லை.

சரியாக ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு கோப்புகளும் ஒரே சாம்பிள் ரேட், ஒரே பிட் அளவு, ஒரே ஸ்பீக்கர், ஒரே ஒலியளவு. அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதே காதுக்கு ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் படும். எது எது என்று கேட்பவருக்கும் தெரியக்கூடாது; முடிந்தால் போடுபவருக்கும் தெரியக்கூடாது.

கூட்டிப் பார்த்தபோது மௌனம் வரவில்லை என்கிறீர்கள். அந்தச் சோதனையைச் செய்ததற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே செய்வதில்லை. ஆனால் ஒரு படி விட்டுவிட்டீர்கள். நிகழ்நேரத்திலேயே இரண்டு முறை எடுங்கள். அந்த இரண்டையும் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள். அங்கேயும் ஏதோ மிஞ்சும் என்று நினைக்கிறேன். மிஞ்சினால், வேறுபாட்டுக்கு வேகம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் உங்கள் மிக்ஸே சிறிது மாறுகிறது.

ஏன் மாறுகிறது? கோரஸ், ட்ரெமோலோ போன்ற ஒலி விளைவுகளை அசைக்கும் எல்.எஃப்.ஓ. என்ற மெதுவான அலை பல பிளக்-இன்களில் பாட்டோடு கட்டுண்டு ஓடுவதில்லை, தன்போக்கில் சுழன்றுகொண்டிருக்கும். நீங்கள் ரெண்டரைத் தொடங்கிய நொடியில் அது எங்கே இருந்ததோ அங்கிருந்துதான் பாட்டுத் தொடங்கும். சில ரிவர்புகள் உள்ளேயே தற்செயலான அசைவு கொண்டவை. பழைய நாடாக் கருவியைப் போலச் செய்யும் பிளக்-இன்கள் இரைச்சலையும் சேர்க்கும். இரைச்சல் இரண்டு முறை ஒன்றுபோல் வராது. டிதர் (பிட் அளவைக் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) போட்டிருந்தால் அதுவும் அப்படியே. உங்கள் தபலா சாம்பிளரில் ‘நா’ என்ற ஒரே சொல்லுக்கு நான்கைந்து அடிகள் பதிந்து வைத்திருப்பார்கள். இயந்திரத்தனமாகத் தெரியாமலிருக்க மாற்றி மாற்றி எடுக்கும். முந்தைய முறை மூன்றாவது அடியில் நின்றிருந்தால் இம்முறை நான்காவதில் தொடங்கும். எல்லாம் சரியான அடிகள்தான், ஆனால் எண்கள் வேறு.

இவற்றையெல்லாம் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, குரல், வயலின், மிருதங்கம், தவில் ட்ராக்குகளை மட்டும் ஈக்யூவும் (ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது) சாதாரணக் கம்ப்ரஸரும் போட்டு இரு முறையிலும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். மௌனம் வரும். மீட்டரில் எதுவும் எழாது.

இனி தபலா. இது உண்மையான குறை, இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய சாம்பிளர்கள் ஒவ்வோர் அடியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வட்டிலிருந்து ஓட ஓட எடுத்துவரும். சாதாரண வேகத்தில் வட்டு ஈடுகொடுத்துவிடும். பத்து மடங்கு வேகத்தில் மென்பொருள் கேட்கும்போது வட்டு பின்தங்கும். நன்றாக எழுதப்பட்ட சாம்பிளர் அப்போது காத்திருக்கும். ஏனென்றால் ‘இப்போது நிகழ்நேரம் இல்லை’ என்று மென்பொருள் பிளக்-இன்னுக்குச் சொல்லும் வழி விஎஸ்டி, ஆடியோ யூனிட் என்ற இரண்டு பிளக்-இன் முறைமைகளிலும் இருக்கிறது. அந்தக் குறிப்பைக் கவனிக்காத பழைய சாம்பிளர்கள் நிகழ்நேரத்தில் நடந்துகொள்வது போலவே நடந்துகொள்ளும்: எண்கள் வந்துசேரவில்லையா, மௌனத்தைக் கொடுத்துவிட்டு மேலே போய்விடும். உங்கள் இரண்டாம் சரணத்தில் நடந்தது பெரும்பாலும் இதுதான். பழைய வட்டில் சாம்பிள் நூலகத்தை வைத்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

இதற்கு மருந்து முழுப் பாட்டையும் நிகழ்நேரத்தில் எடுப்பதல்ல. சாம்பிளர் ட்ராக்குகளை மட்டும் முதலில் ஆடியோவாக மாற்றுங்கள். தபலாவையும் தம்புராவையும் நிகழ்நேரத்தில் ஒரு முறை பதிந்து, ஒவ்வோர் அடியும் வந்திருக்கிறதா என்று கேட்டு, சாம்பிளரை அணைத்துவிடுங்கள். அதன் பிறகு இரண்டு நன்மைகள். காணாமல் போக அங்கே எதுவும் இல்லை. ஐந்து ஆண்டு கழித்து அந்தச் சாம்பிளர் புதிய கணினியில் திறக்காவிட்டாலும் தபலா உங்களிடம் இருக்கும். நான் எந்த மிக்ஸிலும் இதைச் செய்யாமல் மாஸ்டருக்கு, அதாவது இறுதிக் கோப்புக்கு, போவதில்லை.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு நடுவழியும் உண்டு. ரெண்டர் சாளரத்தில் முழுவேக ஆஃப்லைன், ஒரு மடங்கு ஆஃப்லைன் (பாட்டின் வேகத்திலேயே, ஆனால் கெடு இல்லாமல்), ஆன்லைன் (நிகழ்நேரம்) என்று தனித்தனியாக இருக்கின்றன. வேகத்தைத் தாங்காத பிளக்-இன் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஒரு மடங்கு ஆஃப்லைனில் எடுத்துப் பாருங்கள். லாஜிக், க்யூபேஸ் மென்பொருள்களிலும் நிகழ்நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஏற்றுமதிச் சாளரத்திலேயே இடம் இருக்கிறது.

நிகழ்நேரம் இல்லை என்று தெரிந்தால் வேண்டுமென்றே வேறு மாதிரி ஒலிக்கும் பிளக்-இன்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் முழுமையாகாது. உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் சில லிமிட்டர்களிலும், ஒலிக்குக் கடுமை சேர்க்கும் சாச்சுரேஷன் பிளக்-இன்களிலும் ஓவர்சாம்பிளிங்கை (உள்ளே உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவது) நிகழ்நேரத்துக்கு ஒன்று, ரெண்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக அமைக்கலாம். கேட்கும்போது கணினியை வருத்தாமல் குறைவாகவும், எடுக்கும்போது உயர்வாகவும் வைத்திருப்பார்கள். எடுத்த கோப்பு சற்றுத் துப்புரவாக ஒலிக்கும். ஆனால் நீங்கள் மிக்ஸ் செய்தது அந்த ஒலியைக் கேட்டு அல்ல. தவிலில் ஒரு கடுமை வேண்டும் என்று சாச்சுரேஷனை ஏற்றியிருப்பீர்கள். கோப்பில் அந்தக் கடுமை ஒரு மயிரிழை தணிந்திருக்கும். இரண்டையும் ஒரே அளவில் வைத்து, கடைசி முடிவுகளை அந்த ஒலியைக் கேட்டே எடுங்கள். ஆட்டோமேஷனை (தானாக நடக்கும்படி எழுதி வைத்த ஏற்ற இறக்கங்களை) பஃபருக்கு ஒரு முறை மட்டும் படிக்கும் பிளக்-இன்களும் இருக்கின்றன. ஆனால் பக்திப் பாட்டில் நீங்கள் செய்யும் மெதுவான ஏற்ற இறக்கங்களுக்கு அது பொருட்டல்ல.

அடுத்து, வாங்கப்போகும் கம்ப்ரஸர். வெளிக்கருவி வந்த இடத்தில் கேள்விக்கே இடமில்லை: நிகழ்நேரம்தான். குரல் கன்வெர்ட்டர் வழியாக மின்னழுத்தமாக வெளியே போய், கருவிக்குள் நுழைந்து, திரும்பி வந்து எண்ணாக மாற வேண்டும். மின்தேக்கியும் ட்ரான்ஸ்ஃபார்மரும் உங்களுக்காகப் பத்து மடங்கு வேகத்தில் இயங்கப்போவதில்லை. ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்கள் வெளிக்கருவி இணைந்திருப்பதைக் கண்டால் தாமாகவே நிகழ்நேரத்துக்கு மாறிவிடும்.

ஆனால் அந்தக் கருவிக்காக ஒவ்வொரு முறையும் முழு மிக்ஸையும் ஓடவிடத் தேவையில்லை. குரலைக் கருவி வழியாக ஒரு முறை அனுப்பி, திரும்பி வருவதைப் புதிய ட்ராக்கில் பதிந்துகொள்ளுங்கள். போய்வரும் தாமதத்தை மென்பொருள் சரியாக ஈடுசெய்திருக்கிறதா என்று பாருங்கள்: குரல் ட்ராக்கின் தொடக்கத்தில் கூர்மையான ஒரு ‘டிக்’ ஒலியை வைத்து அனுப்பினால், பழையதும் புதியதும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம். கம்ப்ரஸரின் குமிழ்கள் இருந்த நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் வேகமாக எடுக்கலாம்.

பதிப்புகள் என்றதும் நேரக் கணக்கு வந்துவிடுகிறது. எட்டுப் பாட்டுக்கு 48 நிமிடம். முழு மிக்ஸ், குரல் இல்லாத மைனஸ் ஒன், ஆறு ஸ்டெம்கள் (மிக்ஸின் பகுதிகளைத் தனித்தனியாக எடுத்த கோப்புகள்) என்று பாட்டுக்கு எட்டுக் கோப்புகளை நிகழ்நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்தால் 384 நிமிடம், அதாவது ஆறு மணி நேரத்துக்கு மேல். ஒரு வரியில் ஐயா ஒரு சொல்லைத் திருத்தச் சொன்னால் அந்தப் பாட்டுக்கு மீண்டும் முக்கால் மணி நேரம் போகும். உரிமையாளரின் கவலையில் நியாயம் இருக்கிறது.

அந்த மிச்ச நேரத்தை அவர் உங்களிடமிருந்து முழுவதுமாகப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை. நிகழ்நேரத்தில் எடுத்த காலத்தில் நமக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டை முழுவதும் கேட்டோம். பாடகர் தாளைப் புரட்டிய சத்தம், இரண்டு டேக்குகள் ஒட்டிய இடத்தில் அறுந்த மூச்சு, பக்கத்துத் தெரு நாய் எல்லாம் அந்தக் கேட்பில்தான் அகப்பட்டன. வேக ரெண்டர் வந்ததும் பலர் அந்தக் கேட்பையே விட்டுவிட்டார்கள். வேகத்தின் மேல் சுமத்தப்படும் பழியில் பாதி இதற்கு உரியது.

அதே சமயம், எடுக்கும்போது கேட்பது போதும் என்றும் நினைக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொகுப்பை முழுவதும் நிகழ்நேரத்தில் எடுத்தேன். ஒவ்வொரு பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. கோப்புகளை வட்டில் நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பாட்டின் கோப்பு முழுவதும் நகலாகாமல் மூன்றில் இரண்டு பங்கோடு அறுந்திருந்தது. நான் கேட்டது மென்பொருளில் ஓடிய மிக்ஸை; வாடிக்கையாளர் கையில் போனது கோப்பு. அவர் தொலைபேசியில் அழைத்த அந்த மாலைப் பொழுதை இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து, எந்த முறையில் எடுத்தாலும், கொடுக்கப்போகிற கோப்பையே, கொடுக்கப்போகிற வட்டிலிருந்தே, வேறொரு பிளேயரில் போட்டு முதலிலிருந்து கடைசி ரிவர்ப் அடங்கும் வரை கேட்கிறேன். திரையை அணைத்துவிடுகிறேன், அலைவடிவம் கண்ணில் பட்டால் காது சோம்பிவிடும். உங்கள் எட்டுப் பாட்டுக்கு அது 48 நிமிடம். அந்த 48 நிமிடத்தை உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். தபலா அடி போனதை நீங்கள் கண்டுபிடித்ததே கோப்பைக் கேட்டதால்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஐயாவிடம் ‘நீங்கள் நினைப்பது தவறு’ என்று தொடங்காதீர்கள். முதலில் எம்பி3-ஐக் கூடத்து ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டுங்கள். குரல் எங்கே மெலிந்தது என்று அவரே சொல்வார். பிறகு இரண்டு ரெண்டர்களையும் பெயர் சொல்லாமல், அளவு சமமாக வைத்து, மாற்றி மாற்றிப் போடுங்கள். இனி அவருக்கு அனுப்புவதானால் சுருக்காத கோப்பையே அனுப்புங்கள், ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் இறுதி மாஸ்டரை ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றால், எடுங்கள். ஒரு நாற்காலி போட்டு அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தன் குரலை அந்தக் கவனத்தோடு கேட்பவர் அவரைவிட வேறு யாரும் இல்லை. மூன்றாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள்.